கோலம் தவறிய வெள்ளிக்கிழமை

செஞ்சியில் ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்வது திருடன் இல்லை, குரங்கு. கோட்டையிலிருந்து இறங்கி வருகிற கூட்டம் மொட்டை மாடிகளை ஒரு சுற்று சுற்றிப் பார்க்கும். எந்த மாடியில் துணி காயவில்லை, எந்த மாடியில் குச்சியோடு ஓடிவர ஆளில்லை என்று பார்த்துவைத்துக்கொள்ளும். அடுத்து தெரிந்துகொள்வது எதிர்வீடு. திருடனுக்கு மூன்றாவது இடம்தான். அதுவும் எதிர்வீட்டுக்காரர் டீக்கடையில் பேசுவதைக் கேட்டுத்தான் அவனுக்குத் தெரியவரும்.

இந்த மூன்று பேரில் இரண்டு பேரை ஏமாற்றுவதும், ஏமாற்ற முடியாத எதிர்வீட்டிடம் நல்ல பேர் வாங்குவதும்தான் எழிலரசனின் பிழைப்பு. வெளியூர் போகிறவர்கள் அவனிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவன் அந்த வீட்டில் தங்கி, விளக்கு போட்டு, செடிக்குத் தண்ணீர் விட்டு, தன்னுடைய இரண்டு லுங்கிகளையே மாற்றி மாற்றி மாடியில் காயப்போட்டு, உள்ளே ஒரு குடும்பமே இருப்பதாகக் காட்டுவான். வயது நாற்பத்தேழு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால் "ஆவல" என்பான். அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லைதான்.

இது அவனாகத் தேடிப்போன தொழில் இல்லை. இருபது வருஷம் ஓர் அரிசி ஆலையில் மூட்டை எடைபோட்டுக்கொண்டிருந்தான். ஆலையை மூடிவிட்டார்கள். தங்கியிருந்தது அக்கா வீட்டில். அக்கா மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவன் படுத்திருந்த அறையில் புதுக் கட்டில் வந்து இறங்கியது. யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. கட்டில் போட்டபிறகு அந்த அறையில் நிற்பதற்குத்தான் இடம் இருந்தது, அவ்வளவுதான். அந்த வாரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் திருப்பதிக்குக் கிளம்பினார்கள். "மூணு நாளு பாத்துக்க எழிலு" என்று சாவியைக் கொடுத்தார்கள்.

திரும்பி வந்தபோது, நின்றுபோயிருந்த சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. சொட்டிக்கொண்டிருந்த குழாய் சொட்டவில்லை. அலமாரியில் பிஸ்கட் டப்பா இருந்தது. அதில் எட்டு பிஸ்கட் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், எட்டும் அப்படியே இருந்தது. பிஸ்கட்டை எண்ணிவிட்டுப் போனவர்களுக்கு வெட்கமாகிவிட்டது. அந்த வெட்கத்தில் காந்தி பஜார் முழுக்க அவனைப் புகழ்ந்து தள்ளினார்கள். அவன் பேர் வளர்ந்த கதை அங்கே ஆரம்பிக்கிறது.

அவனுக்கென்று சில சட்டங்கள் உண்டு. அடுத்தவர் கட்டிலில் படுக்க மாட்டான். சோபாவில் உட்கார மாட்டான். தலையணையும் தட்டும் தன்னுடையதைக் கொண்டுவருவான். காலை ஆறரைக்கு வீட்டுக்காரருக்கு வாட்ஸப்பில் படத்தோடு ஒரு செய்தி போகும்: "வணக்கம். வீடு நலம். செடி நலம். நாய் நலம். எழிலரசன்." பனி பார்க்கக் காஷ்மீர் போனவர்கள் படகில் உட்கார்ந்தபடி தங்கள் வீட்டு சிலிண்டர் மூடியிருக்கும் படத்தைப் பார்ப்பார்கள். "காசு செலவு பண்ணி இம்மாந்தூரம் வந்தா இவன் சிலிண்டரக் காட்றான்" என்று அலுத்துக்கொள்வார்கள். ஆனால் ஏழு மணிவரை செய்தி வராவிட்டால் ஏழு ஐந்துக்கு அவர்களே போன் போடுவார்கள்.

செஞ்சிக்காரர்களுக்குப் பல ஊர்களில் சொந்தபந்தம் இருப்பதால் அவன் பேரும் பஸ் ஏறியது. வேலூரில் ஒரு வீடு, திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரம் ஒரு வீடு, பெங்களூரில் பதினாலாவது மாடியில் மீன்தொட்டியோடு ஒரு வீடு. மற்றவர்கள் ஊர் பார்ப்பதற்காக வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார்கள், அவன் அவர்கள் பூட்டிய வீடுகளைத் திறந்து ஊர் பார்த்தான். பெங்களூரில் பத்து நாளில் அவன் ஏறிய பஸ்களின் எண்கள், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியாது. வீட்டுக்காரர்கள் திரும்பிய ஒரு மணி நேரத்துக்குள் சாவியைக் கொடுத்துவிட்டுத் தலையணையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். இரண்டு வீடுகளுக்கு நடுவில் நாள் விழுந்தால் அக்கா வீட்டுக்குப் போய், அந்த அறையில் நிற்பான்.

இந்தத் தொழிலில் அவனைப் படாதபாடு படுத்தியது கோலம். எங்கள் பக்கத்தில் காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடாத வீடு, ஆளில்லாத வீடு. அப்படி இல்லையென்றால் துக்கம் விழுந்த வீடு. ஆகவே கோலம் போட்டே ஆகவேண்டும், போடுவதற்குப் பெண்பிள்ளை கிடையாது. எழிலரசன் போனில் வீடியோ பார்த்துப் படித்தான். முதல் மாதம் அவன் போட்ட கோலங்களைப் பற்றிப் பேசாமல் இருப்பதே அவனுக்குச் செய்யும் மரியாதை. அடுத்த வருஷம் பதினைந்து புள்ளிக்கு வந்துவிட்டான். ஒரு மார்கழியில் தெருப் பெண்கள் நடத்திய போட்டியில், ராமேஸ்வரம் போயிருந்த ஒரு வீட்டம்மாவுக்கு இரண்டாம் பரிசாக எவர்சில்வர் தூக்கு கிடைத்தது. அந்த அம்மா திரும்பிவந்து தூக்கை வாங்கிக்கொண்டார். அடுத்த வருஷத்திலிருந்து யார் போட்டிக்குக் கூப்பிட்டாலும் முட்டி வலி என்று சொல்லிவருகிறார்.

ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட அவன் கோலம் தவறியதில்லை. இதை ஊரே சொல்லும். வினை வந்ததும் அதனால்தான்.

விநாயகம் ஐயா நெல் மண்டி வைத்திருந்தவர். எண்பத்திரண்டு வயது, வாய் மட்டும் இருபது. மகன் சிவசங்கரும் மருமகள் பூங்குழலியும் அவரைக் காசிக்கு அழைத்துப்போக ஏற்பாடு செய்தார்கள். பன்னிரண்டு நாள். வீடு எழிலரசன் பொறுப்பு. கிளம்புகிற அன்று தெருவே வந்து பெரியவர் காலில் விழுந்தது. விழுந்து எழுந்தவர்கள் அவர் முகத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்கள். எண்பத்திரண்டு வயதில் காசிக்குப் போகிறவரை அப்படித்தான் பார்ப்பார்கள்.

"இன்னாத்துக்குடா எல்லாரும் இப்பிடிப் பாக்கறீங்க?" என்றார் விநாயகம். "ரிட்டன் டிக்கெட்டு எடுத்திருக்குது."

அந்தப் பன்னிரண்டு நாளில் எழிலரசனுக்கு வேறொரு காரியமும் ஆகவேண்டியிருந்தது. பூங்குழலியின் அக்கா கலைவாணி புதுச்சேரியில் இருக்கிறார். கடலைப் பார்த்த வீடு, பால்கனியில் ஊஞ்சல். மகள் பிரசவத்துக்காக அமெரிக்கா போகிறார், ஆறு மாதம். எழிலரசன் ஒரே கூரையின்கீழ் ஆறு மாதம் சேர்ந்தாற்போல் இருந்து எத்தனையோ காலமாகிவிட்டது. காலையில் எழுந்ததும் கடல் தெரியும் என்பதை அவனால் நம்பவே முடியவில்லை. ஆனால் கலைவாணி லேசுப்பட்டவர் இல்லை. "என் தங்கச்சி காசியில இருந்து வந்து உன்னப் பத்தி ஒரு வார்த்த நல்லபடி சொல்லட்டும். அப்புறம்தான் சாவி" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தை கிடைக்கவில்லையென்றால், விநாயகம் ஐயா வீட்டுக்குப் பிறகு அவன் கையில் வேறு வீடு இல்லை. அக்கா மகனுக்குக் குழந்தையும் பிறந்திருந்தது. இனி அந்த அறையில் நிற்கவும் இடமில்லை.

ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை சாயங்காலம், அவனுக்குக் கடைவாய்ப் பல் வலி எடுத்தது. கன்னம் வீங்கிவிட்டது. மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை கொடுத்து, "ஒண்ணு போடுண்ணா, தூக்கம் வரும்" என்றார்கள். வலியில் இரண்டையும் போட்டுக்கொண்டு படுத்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு எதிர்வீட்டு ரத்தினம்மாள் தன் வாசலில் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். விநாயகம் வீட்டு வாசல் வெறுமனே கிடந்தது. தண்ணீர்கூடத் தெளிக்கவில்லை. ஆறரைக்குப் பார்த்தாள், ஏழுக்குப் பார்த்தாள். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக! எழிலரசன் தூங்கியிருப்பான், மறந்திருப்பான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. யாருக்குமே தோன்றியிருக்காது. ஆறு வருஷமாக அவன் சம்பாதித்த பேர் அப்படி. எழிலரசன் கோலம் போடவில்லையென்றால் போடக்கூடாத காரணம் ஏதோ இருக்கிறது.

கதவைத் தட்டிப் பார்த்தாள். செருப்பு வெளியே கிடக்கிறது, ஆள் உள்ளே இருக்கிறான், பதில் மட்டும் இல்லை. துக்கத்தில் இருக்கிறான் பாவம் என்று முடிவுக்கு வந்தாள். பூங்குழலிக்குப் போன் போட்டாள், போகவில்லை. சிவசங்கருக்கும் போகவில்லை. மூன்றாவதாகத் தொண்டூரில் இருக்கும் விநாயகத்தின் தங்கை ராஜம்மாளுக்குப் போட்டாள்.

"ராஜம்மா, காசியில இருந்து உனக்கு எதுனா சேதி வந்துச்சா?"

அவ்வளவுதான் கேட்டாள். அந்தக் குரலில் அப்படிக் கேட்டால் எங்கள் பக்கத்தில் மிச்சத்தைக் கேட்க யாரும் நிற்பதில்லை. ராஜம்மாள் போனைக் கீழே போட்டுவிட்டு ஷேர் ஆட்டோவைப் பிடித்தாள்.

எழிலரசன் கண் விழித்தபோது மணி ஒன்பதே முக்கால். வாசலில் அழுகைச் சத்தம். தாடையைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, மாத்திரை மயக்கத்தில் சிவந்த கண்ணோடு கதவைத் திறந்தான். தெருவே நின்றது. நடுவில் ராஜம்மாள் தலைவிரி கோலமாக மார்பில் அடித்துக்கொண்டிருந்தாள். "ண்ணா, ஒரு வார்த்த சொல்லாம போயிட்டியே ண்ணா!"

ஐயா போய்விட்டார், தங்கைக்குச் செய்தி சொல்லியிருக்கிறார்கள், நமக்குச் சொல்ல யாருக்கும் நேரம் இருந்திருக்காது என்று எழிலரசன் புரிந்துகொண்டான். படியில் அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதான். வீங்கிய முகத்தோடு அவன் அழுததைப் பார்த்ததும், தெருவில் அதுவரை கொஞ்சம் சந்தேகம் வைத்திருந்தவர்களும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். உனக்கு யார் சொன்னது என்று ஒருவர்கூட ஒருவரைக் கேட்கவில்லை. எழவு வீட்டில் அப்படிக் கேட்பது மரியாதை இல்லை.

கொஞ்ச நேரம் அழுத பிறகு அவனுக்குப் பொறுப்பு ஞாபகம் வந்தது. வீட்டுக்காரர்கள் காசியில் கிடக்கிறார்கள். இங்கே குறை வந்தால் பேர் யாருக்கு? எழுந்து முகம் கழுவினான். பதினோரு மணிக்குப் பந்தல் போட்டாகிவிட்டது. நூறு நாற்காலி வந்தது. டீ டிரம் வந்தது. பிளக்ஸ் கடை வளவன், சிவசங்கரின் கல்யாண ஆல்பத்திலிருந்து ஐயா படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, "மறைவுத் தேதி என்னண்ணா போடறது?" என்று கேட்டான். எழிலரசன் யோசித்தான். "சேதி இன்னிக்குக் காலைல வந்துச்சுன்னா, நேத்துதான். நேத்துன்னு போடு."

பன்னிரண்டு மணிக்குக் கூட்ரோட்டில் பத்தடி உயரத்துக்கு விநாயகம், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, 'கண்ணீர் அஞ்சலி'க்கு மேலே சிரித்துக்கொண்டிருந்தார்.

எழிலரசன் அன்று செய்த வேலையைப் பத்து பேர் சேர்ந்தும் செய்ய முடியாது. படுக்கையறைகளைப் பூட்டினான். தம்ளர்களை எண்ணி வெளியே எடுத்தான். மாலை கொண்டுவந்தவர்களைப் படத்துக்கு முன்னால் வரிசையில் விட்டான். ஒரு கண் அழுதது, இன்னொரு கண் ஸ்பூன்களைப் பார்த்தது. எல்லாம் ஒரு நிலைக்கு வந்ததும் காலையில் விட்டுப்போன செய்தியை அனுப்பினான்: "வணக்கம். ஐயா மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல். வீடு நலம். செடி நலம். பந்தல் போட்டாச்சு, கவலை வேண்டாம். தம்ளர் நாற்பத்திரண்டும் சரியாக உள்ளது. எழிலரசன்." கூடவே பந்தல் படம். செய்தி போய்ச் சேரவில்லை.

ஒரு மணிக்குக் கலைவாணி ரோஜா மாலையோடு காரில் வந்து இறங்கினார். கூட்டத்தை நிர்வாகம் பண்ணுகிற எழிலரசனை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மாலையைப் படத்துக்குப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

இரண்டு மணிக்கு எழிலரசனின் போன் அடித்தது. சிவசங்கர், வீடியோ கால். எழிலரசன் அழுதுகொண்டே எடுத்தான். தொன்னையில் ஜிலேபி தெரிந்தது. அதற்குப் பின்னால் மீசையில் பாகோடு விநாயகம் தெரிந்தார்.

"ஏண்டா எழிலு," என்றார், "நான் எப்படா செத்தேன்?"

லாட்ஜில் இரண்டு நாளாகக் கரண்ட் இல்லையாம். இப்போதுதான் ஒரு கடையில் சார்ஜ் போட்டு போனைத் திறந்தார்களாம். முதலில் வந்து விழுந்தது இரங்கல் செய்தி. சிவசங்கர் அதைப் படித்துவிட்டுத் திரும்பி அப்பாவைப் பார்த்திருக்கிறான். அவர் இன்னொரு ஜிலேபி கேட்டிருக்கிறார்.

ராஜம்மாள் போனைப் பிடுங்கினாள். "ண்ணா! நீ உசுரோட இருக்கிறியா?"

"இருக்கறேன்மா."

"அப்ப இன்னாத்துக்கு நான் தொண்டூர்ல இருந்து ஆட்டோல அழுதுக்கினே வந்தேன்?" என்று அண்ணனையே திட்ட ஆரம்பித்தாள்.

சாவு இல்லை என்று ஆனதும் கூட்டத்துக்குக் கோபம் வந்தது. வேலையை விட்டுவிட்டு, குளிக்காமல், மாலை வாங்கிக்கொண்டு வந்தவர்கள். யாராவது பதில் சொல்லியாக வேண்டும். "வாசல்ல கோலம் இல்ல, நான் இன்னா நெனைக்கிறது?" என்றாள் ரத்தினம்மாள். எல்லா முகமும் எழிலரசன் பக்கம் திரும்பியது.

"பல்லு வலி" என்றான் அவன்.

யாரும் அதை ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. உயிரோடு இருக்கிற மனுஷனுக்குப் பந்தல் போட்டவன் என்று அங்கேயே, அவன் காதில் விழும்படியே பேசினார்கள். கலைவாணி படத்திலிருந்து தன் மாலையைக் கழற்றினார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் கார் பின்சீட்டில் வைத்தார். எழிலரசனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது. கார் திண்டிவனம் ரோட்டில் திரும்பியபோது கடலும் ஊஞ்சலும் கூடவே போய்விட்டன என்று அவனுக்குத் தெரிந்தது.

மூன்று நாளில் பந்தலைப் பிரித்து, வீட்டைக் கழுவி, தம்ளர்களை அடுக்கினான். பிளக்ஸை மட்டும் இறக்க முடியவில்லை. ஏணி வரட்டும் என்றான் வளவன். ஏணி வரவில்லை. திங்கட்கிழமை காலை திண்டிவனம் ஸ்டேஷனிலிருந்து வந்த வேன் கூட்ரோட்டில் தானாகவே நின்றது. விநாயகம் இறங்கிப்போய்த் தம்மையே அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார் என்று பிறகு சொன்னார்கள்.

எழிலரசன் தலையணையைச் சுருட்டி வைத்துக்கொண்டு, சாவியோடு வாசலில் நின்றான். சிவசங்கர் இறங்கியதும் கத்தினான். "நைனா போட்டோவுக்கு மாலையப் போட்டு வெச்சிருக்க! ஒரு போன் பண்ணி உறுதி பண்ண மாட்டியா நீ?" பூங்குழலி அபசகுனம் என்று அழுதாள். எழிலரசன் தலையைக் குனிந்தபடி சாவியை நீட்டினான். நியாயம் அவர்கள் பக்கம்தான் என்று அவனுக்கே தோன்றியது.

"சும்மா இருடா" என்றார் விநாயகம், மகனைப் பார்த்து. "செத்ததாச் சேதி வந்தா ஆயுசு கெட்டின்னு தெரியாதா ஒனக்கு?" நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எழிலு, யார் யார் வந்தாங்க?"

எழிலரசன் சொன்னான். வந்தவர், போனவர், எந்த நேரம், எந்த மாலை, எல்லாம் அவனுக்கு ஞாபகம் இருந்தது.

"மேல்மலையனூர் தரகன் வந்தானா?"

"வந்தாரு ஐயா. ரெண்டு டீ குடிச்சாரு."

"அழுதானா?"

"இல்ல ஐயா."

"தெரியும். அப்புறம்?"

முக்கால் மணி நேரம் கேட்டார். மொத்தம் முந்நூறு பேருக்கு மேல் என்றதும் அவருக்கு மீசை துடித்தது. ஊரில் எந்த மனுஷனுக்கும் தன் சாவுக்கு யார் வந்தார்கள் என்ற கணக்கு கிடைப்பதில்லை.

"நீ அழுதியா?"

"அழுதேன் ஐயா."

"நீ இன்னாத்துக்கு அழுத? நான் உனக்கு இன்னா ஒறவு?"

"எல்லாரும் போம்போது சாவியத்தான் ஐயா குடுப்பாங்க. நீங்க மட்டும்தான் 'போயிட்டு வரேன் எழிலு'ன்னு சொல்லிட்டுப் போனீங்க. வரலன்னதும் தாங்கல."

விநாயகம் மருமகளை அவள் அக்காவுக்குப் போடச் சொல்லிப் போனை வாங்கினார்.

"கலைவாணி, நான் விநாயகம் பேசறேன். ஆமாமா, நல்லாத்தான் இருக்கறேன். இந்த எழிலு விசயமா ஒரு வார்த்த சொல்லணும்னியாமே, நானே சொல்றேன். ஆளுங்க இல்லாத வீட்டப் பாத்துக்கறது ஒண்ணும் பெரிசில்லம்மா. என் சாவுக்கு முந்நூறு பேரு வந்து போயிருக்கறாங்க. வீடு தெறந்தே கெடந்துது. ஒரு ஸ்பூன் கொறையல. செத்தவனே சொல்றேன், இதுக்கு மேல உனக்கு இன்னா சாட்சி வேணும்?"

அந்தப் பக்கம் கலைவாணி சிரிக்கிற சத்தம் எழிலரசனுக்கே கேட்டது. ஞாயிற்றுக்கிழமை சாவி வாங்க வரச் சொன்னார்.

எழிலரசன் கைகூப்பினான். தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கப் போனான்.

"ஞாயித்துக்கெழம வரிக்கும் எங்க இருப்ப?" என்றார் விநாயகம்.

அவன் தலையணையை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றிக்கொண்டான்.

"இங்கியே இரு."

"நீங்கள்லாம் வந்துட்டீங்களே ஐயா. வீட்டப் பாத்துக்க ஆளு இருக்குதே."

"வீட்டப் பாத்துக்க யாரு சொன்னா? சும்மா இருன்னேன்." அவர் உள்ளே திரும்பினார். "பூங்கொழலி, ஒல வைக்கும்போது எழிலுக்கும் சேத்து வையி."

உள்ளே பூங்குழலி அரிசி அளக்கிற சத்தம் கேட்டது. சிவசங்கர் பெட்டிகளை இழுத்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷத்தில் எத்தனையோ வீடுகளில் படுத்து எழுந்தவன், ஆட்கள் இருக்கிற ஒரு வீட்டில் எப்படி இருப்பது என்று தெரியாமல் கூடத்தில் நின்றான். சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

"இருக்கேன் ஐயா" என்றான். குரல் சரியாக வராததால் இன்னொருதரம் சொன்னான்.